மூன்றாம் மாடியிலிருந்து ஆயாவை எப்படி இறக்குவது?

டர்பனில் எங்கள் ஃபிளாட் மூன்றாம் மாடியில். என் பாட்டி, ஆயாவுக்குச் சக்கர நாற்காலிதான் கால். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது மூன்று வழிகள் அடிபட்டன: ஆள் தூக்குவது, படியில் இறக்கும் நாற்காலி வாங்குவது, தீயணைப்பவர்கள் வரும்வரை படிக்கட்டு லேண்டிங்கில் காத்திருப்பது. லிஃப்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. லோட் ஷெடிங் மின்வெட்டில் நடுவழியில் மாட்டியவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரெண்டு பையன்கள் போதும்" என்றார் எதிர்வீட்டு அங்கிள். சரி என்று தம்பியைப் போர்வையில் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்தோம். இரண்டாவது திருப்பத்திலேயே என் முழங்கை சுவரில் இடித்தது, தம்பி நழுவினான். வலுவான பேட்டரி நாற்காலி என்றால் அதுவே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆளோடு தூக்குவதை மறந்துவிடலாம்.

படியிறக்கும் நாற்காலிக்குக் கரண்ட் வேண்டாம். அடியிலிருக்கும் பட்டை படி விளிம்பைப் பிடித்துக்கொண்டே சறுக்கும். பழகியவர் ஒருவரே இறக்கலாம். ஆனால் சாதாரண மாடல்கள் கீழேதான் போகும், ஏறாது. ஆயாவைத் தூக்கி அதில் உட்கார வைக்கவும் கை வேண்டும். விலையும் கொஞ்ச நஞ்சமல்ல. கமிட்டி அதைக் கீழே ஆபீஸில் பூட்டி வைக்கலாம் என்றது! மேலே சுவரில் மாட்டி வைக்காத நாற்காலி எதற்கு?

காத்திருப்பது கேட்க நன்றாக இருக்கிறது. லேண்டிங்குக்குத் தானே மூடிக்கொள்ளும் தீக்கதவு இருந்து, ஆள் அங்கே இருப்பது தீயணைப்பவர்களுக்குத் தெரிந்தால்தான் அது பாதுகாப்பு. எங்கள் கதவுக்குக் காற்று வர செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புகைக்கும் அதே வழிதான்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் நாற்காலியில் இறக்குவது, காத்திருப்பது இரண்டுமே நடந்தன. 69ஆம் மாடியில் இருந்த சக்கர நாற்காலிக்காரர் ஒருவரை, அங்கே நடந்த 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாங்கி வைத்த இப்படியொரு நாற்காலியில் சக ஊழியர்கள் மாறி மாறி இறக்கிவிட்டார்கள். 27ஆம் மாடியில் உதவிக்குக் காத்திருந்தவரும், அவரை விட்டுப் போக மறுத்த நண்பரும் இறந்துபோனார்கள்.

என் ஓட்டு நாற்காலிக்கு, மூன்றாம் மாடிச் சுவரில், பூட்டில்லாமல். பூட்டு என்றாலே பயம்: 2023 ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க் உசிந்திசோ கட்டடத் தீயில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன.

ஆயா ஒன்றுதான் கேட்டார்: "நீ நைட் ஷிஃப்ட் போனா என்னை யாரு அதுல உட்கார வைப்பா?" அப்புறம்தான் பகலுக்கு இருவர், இரவுக்கு இருவர் என்று பெயர் எழுதினோம்.

செங்கலை நேற்றே எடுத்துப் போட்டேன். இன்று காலை மறுபடி அங்கேயே இருந்தது.