ஜமக்காளம், முடிச்சுக் கம்பளம், டஃப்டட்: வீட்டில் எதைத் துவைக்கலாம்?

கையால் செய்த விரிப்பை நனைப்பதற்கு முன் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூவேலை அங்கேயும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்து, ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் (நீளவாக்கில் ஓடும் நூல்) தொடர்ச்சியாகவே வந்தால் அது காஷ்மீர், உத்தரப் பிரதேசத்தின் பதோஹி பக்கம் நெய்யும் முடிச்சுக் கம்பளம். அடியில் துணி ஒட்டி மூடியிருந்தால், முடிச்சுப் போடாமல் நூலைப் பசையால் பிடிக்கவைத்த டஃப்டட் கம்பளம். இரு பக்கமும் ஒன்றுபோல் தட்டையாக இருந்தால் பவானி ஜமக்காளம் போன்ற நெசவு.

வீட்டுப் பராமரிப்புக்கு ஜமக்காளத்தை மிஞ்ச எதுவும் இல்லை. பருத்தி என்பதால் தண்ணீருக்கு அஞ்ச வேண்டாம். கவனம் வேண்டியது சாயத்தில்தான். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு, கறுப்புப் பட்டைகளில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் ஊறவைக்கவே கூடாது. உப்புப் போட்டாலும் சாயம் நிற்காது. ஒட்டவில்லை என்றால், ஒரு வாளி குளிர்ந்த நீரில் இரண்டு மேசைக்கரண்டி திரவ சோப்பு, அரை மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறினால் பக்கத்துப் பட்டைக்கு நிறம் இறங்கிவிடும். முறுக்கிப் பிழியாமல், ஒரு முழ இடைவெளியில் கட்டிய இரண்டு கொடிகளின் மேல் போட்டால் எடை பிரிந்து வடிவம் குலையாது. ஈரம் இருக்கும்போதே ஓரங்களை இழுத்து நேராக்கி, நிழலில் உலர்த்துங்கள். செயற்கைப் பட்டு ஓரம் உள்ளதைத் தேய்க்காதீர்கள்; அந்த நூல் நனைந்தால் வலுவிழக்கும்.

முடிச்சுக் கம்பளம் வேறு ரகம். அழுக்கைவிட மணல்தான் அதற்குப் பகை. அடியில் இறங்கிய மணல், மேலே நடக்க நடக்க நூலின் வேரை அறுக்கும். ஆகவே மாதம் ஒருமுறை குப்புறப் போட்டு, முதுகுப்பக்கம் வேக்குவம் ஓட்டுங்கள்; மணல் தரையில் உதிரும். முன்பக்கத்தில் சுழலும் பிரஷ்ஷை அணைத்துவிட்டு, தடவினால் வழுக்கிப்போகும் திசையில் மட்டும் ஓட்ட வேண்டும். குஞ்சத்தின் பக்கமே போகக் கூடாது.

கம்பளிக்குச் சோடா போன்ற காரப்பொருள் ஆகாது. சலவை சோடா, துணி சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம்; பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். சமையல் சோடா தூவச் சொல்லும் யோசனையும் வேண்டாம். தூள் அடியில் தங்கிவிடும். டீ கொட்டினால் உடனே வெள்ளைத் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு அரை லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி கம்பளித் துணிக்கான திரவ சோப்புக் கலந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி, வெறும் நீரால் மீண்டும் ஒற்ற வேண்டும். சாம்பார்க் கறை வேறு விதம்: அதிலுள்ள மஞ்சள், சோடா போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். கறையைச் சுற்றிலும் துணியால் மூடிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் சற்று வெயில் காட்டலாம்.

முழுதாக நனைப்பதை வீட்டில் செய்யாதீர்கள். கம்பளி காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பருத்திப் பாவு ஈரமாகவே இருக்கும். அது மெல்ல மக்கும், குஞ்சம் பழுப்பேறும். பூச்சியும் கம்பளிக்குத்தான் வரும்: அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், பருத்தியை விட்டுவிடும். சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் அசையாமல் கிடக்கும் பகுதியை அடிக்கடி தூக்கிப் பாருங்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றுங்கள்; பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் சிறைப்படும்.

டஃப்டட் வாங்கும்போது விலை குறைவு. பராமரிப்பில் மூன்றிலும் இதுவே சிரமம். நூலைப் பிடித்து வைத்திருப்பது முடிச்சு அல்ல, லேடெக்ஸ் பசை. அடிவரை நனைந்தால் துணி பிரிந்து உப்பிவிடும்; வாடையும் வரும். மேலோட்டமாக ஒற்றியெடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளில் பசை காய்ந்து, தரையில் வெளிறிய தூளாக உதிரத் தொடங்கினால் எந்தச் சுத்தமும் பலிக்காது. பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசித் துணி ஒட்டித் தருபவர்கள் உண்டு. அவர்கள் கேட்கும் கூலியைப் புதுக் கம்பளத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.