வீட்டு பிளான் வரைய எந்த கேட் (CAD) மென்பொருள் போதும்?

30க்கு 40 அடி மனை. அதில் ஒரு தரைத்தள வீடு. ஒரு பிளான், முன்பக்க எலிவேஷன் (நேர்த்தோற்றம்), ஒரு செக்‌ஷன் (வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்த படம்), கதவு ஜன்னல் அட்டவணை. சின்ன ஊர்களில் தனியாக வரைந்து கொடுப்பவர்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு ஆண்டுச் சந்தா கட்டி ஆட்டோகேட் எடுக்க வேண்டுமா என்று டிப்ளமோ முடித்துத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். கட்ட முடியாதவர்கள் கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஊரார் வீட்டுக் கோப்புகள் இருக்கிற கணினியில், யார் கைவைத்தது என்றே தெரியாத நிரலை ஏற்றுவது பெரிய ஆபத்து. இலவசமாகவும் குறைந்த விலையிலும் நல்லவை இருக்கும்போது அது தேவையும் இல்லை.

மென்பொருளைத் தேடும் முன் ஒன்றை யோசியுங்கள்: வரைந்த கோப்பு அடுத்து யார் கைக்குப் போகிறது? மேஸ்திரிக்குக் காகிதம் போதும். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் போதும். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்கோ, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பதிவுபெற்ற பொறியாளருக்கோ போவதென்றால் அவர் டிடபிள்யூஜி (DWG, ஆட்டோகேடின் கோப்பு வடிவம்) கேட்பார். எதை எடுப்பது என்பது பாதிக்கு மேல் இதிலேயே முடிவாகிவிடும்.

முதலில் லிப்ரேகேட். முழுக்க இலவசம், திறமூலம், இருபரிமாணம் மட்டும். க்யூகேட் என்ற இன்னொரு கேட் மென்பொருளின் சமூகப் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது. பழைய லேப்டாப்பிலும் சிரமமில்லாமல் ஓடும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் உண்டு. லேயர் (அடுக்கு), பிளாக் (திரும்பத் திரும்ப வைக்கும் படம்), ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்), டைமென்ஷன் (அளவு குறிப்பது) எல்லாம் இருக்கிறது. நம் ஊர் வேலைக்கு அடி அங்குலம் வேண்டும் அல்லவா? வரைபட அமைப்பில் அலகை அங்குலமாக்கி, வடிவத்தை ஆர்க்கிடெக்சுரல் என்று வைத்துவிட்டால் அளவுகள் அடி அங்குலமாகவே விழும். 9 அங்குலச் சுவருக்கு ஒரு கோடு போட்டு, 9 தள்ளி இணைகோடு எடுத்தால் முடிந்தது. @120,0 என்று அடித்தால் வலப்பக்கம் 120 அங்குலம், அதாவது 10 அடி போகும் பழக்கம் ஆட்டோகேடில் இருப்பதுபோலவே இங்கும் உண்டு. கட்டளைகளின் சுருக்கெழுத்து வேறு என்பதால் முதல் வாரம் விரல்கள் தடுமாறும், அவ்வளவுதான்.

அதன் குறைகள் மூன்று, மூன்றுமே நம் வேலையைத் தொடுபவை. டிடபிள்யூஜி கோப்பை ஓரளவுதான் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. சேமிப்பது டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற பொது வடிவில். அடுத்தது, பேப்பர் ஸ்பேஸ் (ஒரே தாளில் வெவ்வேறு அளவுவீதத்தில் படங்களை அடுக்கும் வசதி) கிடையாது. பிளானை 1:100லும் படிக்கட்டு விவரத்தை 1:50லும் ஒரே தாளில் வைக்க நினைத்தால், விவரத்தை நீங்களே இரண்டு மடங்காக்கி வைக்க வேண்டும், அளவெண்களையும் கையால் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது தமிழ். லிப்ரேகேட் தனக்கென்று ஒரு எழுத்துரு வகையை வைத்திருக்கிறது. கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவை நேராக எடுத்துக்கொள்ளாது. அறைகளுக்கு 'சமையலறை', 'பூஜை அறை' என்று தமிழிலேயே பெயர் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். கொத்தனாரும் சித்தாளும் நேராகப் படித்துவிடுவார்கள், இடையில் யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் இந்தக் குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது.

அதற்காகத்தான் க்யூகேட் பக்கம் வந்தேன். கணினியில் இருக்கும் வழக்கமான (ட்ரூடைப்) எழுத்துருக்களை அது எடுத்துக்கொள்ளும். சமூகப் பதிப்பு இலவசம், புரொஃபஷனல் பதிப்புக்கு விலை உண்டு. ஒருமுறை சில ஆயிரம் ரூபாய் கட்டினால் வாங்கிய பதிப்பு உங்களுடையது, ஆண்டுதோறும் கட்ட வேண்டியதில்லை. பணம் கட்டுவதால் கிடைக்கும் முக்கியமான பலன், டிடபிள்யூஜியைத் திறக்கவும் சேமிக்கவும் முடிவதுதான். தரவிறக்கும்போது புரொஃபஷனலின் சோதனைப் பதிப்பும் சேர்ந்தே வரும். அது சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். பலர் 'இது இலவசம் இல்லை போல' என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சோதனைப் பகுதியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இலவசப் பதிப்பு. மெனுக்களும் லிப்ரேகேடை விட ஒழுங்காக இருக்கின்றன. தனியாளாக, மாதம் நாலைந்து பிளான் வரைபவருக்கு என் தேர்வு க்யூகேட் புரொஃபஷனல்தான்.

அப்புறம் ஆட்டோகேட் போலவே இருக்கும் இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட், பிரிக்ஸ்கேட். டிடபிள்யூஜிதான் இவற்றின் சொந்த வடிவம். எல் அடித்தால் கோடு, டிஆர் அடித்தால் வெட்டு. ஏற்கெனவே ஆட்டோகேடில் கை பழகியவர் அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். விலை க்யூகேடை விடப் பல மடங்கு. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வரையும் அலுவலகம், வாரம் முழுக்க வெளியிலிருந்து கோப்பு வந்துபோகும் இடம் என்றால் அந்தப் பணம் வீண்போகாது. வாங்கும்போது நிரந்தர லைசென்ஸா ஆண்டுச் சந்தாவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டோகேடைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. 1982 முதல் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. 2016க்குப் பிறகு புதிதாக நிரந்தர லைசென்ஸ் விற்பதில்லை, சந்தா மட்டுமே. பெரிய நிறுவனத்திடம் துணை வேலை எடுப்பவருக்கு அதன் சுருக்கப் பதிப்பான எல்டி பொருந்தும். மாணவர் பதிப்பு இலவசம்தான், ஆனால் காசுக்கு வரைய அதைப் பயன்படுத்தக் கூடாது.

'இலவசம்' என்பதிலும் வகை இருக்கிறது. டிராஃப்ட்சைட் என்ற கேட் மென்பொருள் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தது. டிடபிள்யூஜியில் நேராக வேலை செய்யலாம் என்பதால் உலகமெங்கும் பலர் அதை நம்பியிருந்தார்கள். 2019 பதிப்பிலிருந்து அது கட்டண மென்பொருளானது. பழைய இலவசப் பதிப்புகளும் 2019 டிசம்பர் 31க்குப் பிறகு ஓடவில்லை. லிப்ரேகேடுக்கும் க்யூகேடின் சமூகப் பதிப்புக்கும் அப்படி நேராது. அவற்றின் மூலநிரல் வெளியில் இருக்கிறது, நிறுவியிருப்பதை யாரும் தூரத்திலிருந்து நிறுத்த முடியாது. பத்து வருடம் கழித்து ஒரு வீட்டுக்காரர் 'மாடி எடுக்கணும், பழைய பிளான் இருக்கா சார்?' என்று வந்து நிற்பார். அன்றைக்கு அந்தக் கோப்பு திறந்தாக வேண்டும்.

முப்பரிமாணம் வேண்டுமென்றால் ஃப்ரீகேட் இருக்கிறது. 2024இல் 1.0 வந்தது, கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக அமைக்கும் பிம் (BIM) பகுதியும் உள்ளேயே உண்டு. ஆனால் ஒரு சின்ன பிளானுக்காக அதைக் கற்க உட்கார்ந்தால் நாட்கள் ஓடிவிடும். வீட்டுக்காரரே அறை அமைப்பைப் போட்டுப் பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி நல்லது. அதில் வரைந்ததை வைத்துக் கட்டக் கூடாது.

காசே கட்டாமல் டிடபிள்யூஜி கொடுக்க வேண்டியவருக்கும் வழி உண்டு. ஓபன் டிசைன் அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் இலவச மாற்றி, ஒரு கோப்புறையில் இருக்கும் டிஎக்ஸ்எஃப்களை மொத்தமாக டிடபிள்யூஜியாக்கும், திருப்பியும் மாற்றும். மாற்றிய பிறகு எழுத்துகளின் அகலத்தை ஒருமுறை பாருங்கள். எழுத்துரு மாறுவதால் அறைப் பெயர் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

எதில் வரைந்தாலும் பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஒருமுறை ஒரு கடையில் 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வோடு அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் சைட்டுக்கு அனுப்பிவிட்டேன். மேஸ்திரி தாளில் அளந்து போட்ட கயிறு தப்பாகப் போய், மறுநாள் மார்க்கிங்கை முழுக்க அழித்துப் போட வேண்டியதாயிற்று. 40 அடி என்பது 12.19 மீட்டர். 1:100இல் தாளில் 12.2 செ.மீ. வர வேண்டும். 11.8 வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நூறு சதவீதத்தில் இன்னொன்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.