இரண்டு கோடைகளுக்குப் பிறகு என் கைபேசியின் பேட்டரி

வெயிலுக்குப் பேர்போன வேலூரில் இரண்டு கோடைகளைக் கண்டுவிட்ட, நடுத்தர விலையுள்ள ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றின் பயன்பாட்டு அனுபவம் இது. திரையையும் கேமராவையும் வாங்கிய வாரத்திலேயே எடைபோட்டுவிடலாம். பேட்டரியின் தரம் இரண்டாம் ஆண்டில்தான் தெரியவரும்.

பெட்டியைப் பிரித்ததும் மென்பொருள் புதுப்பிப்புகளை முடித்துவிட்டு, பிறகு பழைய கைபேசியிலுள்ள தொடர்புகளையும் படங்களையும் கேபிள் வழியாக மாற்றுவது நல்லது. வாட்ஸ்அப் உரையாடல்களைக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நேரடியாகவே கொண்டுவந்துவிடலாம். யூபிஐ செயலிதான் பொறுமையைச் சோதிக்கும். வங்கியில் பதிவான எண்ணின் சிம் புதிய கைபேசியில் இருப்பதோடு, அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தியும் தானாகச் சென்றாக வேண்டும். குறுஞ்செய்தி வசதி இல்லாத ரீசார்ஜ் என்றால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். புதியதிலிருந்து ஒரு ரூபாயாவது அனுப்பிப் பார்க்கும்வரை பழைய கைபேசியிலுள்ள தரவுகளை அழிக்கக் கூடாது.

தொடக்கத்தில் பேட்டரி வேகமாக இறங்குவதைக் கண்டு பதற வேண்டாம். செயலிகள் தரவிறங்குவதும், ஆயிரக்கணக்கான படங்களைக் கைபேசி வகைப்படுத்துவதும் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். சில நாட்களில் அடங்கிவிடும்.

‘முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க’ என்று கடைக்காரர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை அது. சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த, இன்றைய கைபேசிகளில் உள்ள லித்தியம் அயனி வகைக்கு அப்படிப்பட்ட சடங்கு எதுவும் தேவையில்லை. முழு சார்ஜில் பேட்டரியின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது, உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து, மின்னைச் சுமக்கும் லித்தியம் சிறிது சிறிதாக வீணாகிறது. வெப்பம் அந்த வினைகளை இன்னும் விரைவுபடுத்துகிறது. சாம்சங், பிக்சல், ஐபோன் ஆகியவற்றின் அண்மைக்கால மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருப்பதன் காரணம் இதுதான். என் கைபேசியிலும் முதல் நாளே அதை இயக்கிவிட்டேன். வெளியூர் செல்லும் நாளில் மட்டும் நீக்கிக்கொள்கிறேன். இடையிடையே சார்ஜரில் செருகுவதால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் வேண்டாம். 50 சதவீதம் வீதம் இரண்டு முறை ஏற்றி இறக்கினால்தான் பேட்டரியின் ஆயுளை அளக்கும் ஒரு முழு சார்ஜ் சுழற்சி கணக்காகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி, 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்பது விதி.

ஆனால் நம் ஊரில் சார்ஜ் அளவைவிட வெப்பத்தையே நான் பெரிய எதிரியாகக் கருதுகிறேன். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் மேல் வரம்பு 35 டிகிரி செல்சியஸ். வேலூரில் மே மாதம் 40ஐத் தாண்டுவது வழக்கம். நண்பகலில் பைக்கின் கைப்பிடியில் மாட்டி, வரைபடம் பார்த்தபடி காட்பாடிப் பக்கம் போனால் சிறிது நேரத்தில் திரை தானாக மங்கும். அது கோளாறு அன்று. சூட்டைக் குறைக்கக் கைபேசி தானே எடுக்கும் நடவடிக்கை. அந்த நிலையில் வீடு வந்ததும் விரைவு சார்ஜரில் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். நான் உறையைக் கழற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே சார்ஜ் போடுகிறேன். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது ஆபத்து, உள்ளே ஈரம் படியும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்வதும், சார்ஜில் இருக்கும்போது நெடுநேரம் வீடியோ அழைப்பு பேசுவதும் என் வீட்டில் அனுமதி இல்லாத செயல்கள்.

பின்னணிச் செயலிகளை ஓயாமல் மூடிக்கொண்டிருப்பதில் பயனில்லை; மீண்டும் திறக்கும்போது கூடுதல் மின்சாரமே செலவாகும். சிக்னல் வலுவற்ற ரயில் பயணங்களில் மட்டும், தேவையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவது கண்கூடாகப் பலன் தருகிறது.

இன்றும் காலையில் 80 சதவீதத்தோடு எடுத்துச் செல்லும் கைபேசி, இரவு உணவு வரை தாங்குகிறது. விளையாட்டுச் செயலிகள் எனக்குப் பழக்கமில்லை என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய கைபேசியை அவசரத்துக்கு வைத்திருப்பவர்கள், அதைப் பாதி சார்ஜில் அணைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பாதிவரை ஏற்றினால் போதும். பின்மூடி சற்றே உப்பியிருப்பது தெரிந்தால் மட்டும் சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல், சேவை மையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.