ஆடியில் போய் மாசியில் வரும் சங்கிலியும் ஒரு பிபிஎஃப் கணக்கும்

எங்களுக்கு ஒன்பது மா நிலம், வலங்கைமான் பக்கம். ஏக்கரில் சொன்னால் மூன்று வரும். இவர் விவசாயம் பார்க்கிறார், நான் வீட்டில் தையல். 2009 மாசியில், சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வந்த வாரம், போஸ்ட் ஆபீசில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) என்ற பதினைந்து வருடச் சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். 2024 ஏப்ரலில் முதிர்ந்தது. இத்தனை வருடம் கட்டிப் பார்த்ததில் நல்லதும் உண்டு, எரிச்சலும் உண்டு.

முதலில் சங்கிலிக் கதை. கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலி ஆடி பிறந்தால் அடகுக் கடைக்குப் போகும். நாற்றங்கால், உழவு, நடவுக் கூலி என்று எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். கடையில் 40,000 ரூபாய் தருவார்கள், இரண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். மாசியில் நெல் பணம் வந்ததும் மீட்போம். மாதம் 800 வீதம் ஏழு மாதத்துக்கு வட்டி 5,600. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம், யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. ஒரு நாள் தையல் நோட்டின் பின்பக்கத்தில் எட்டு வருட வட்டியைக் கூட்டினேன். 44,800. வாங்கிய கடனைவிட அதிகம்! அன்று ராத்திரி இவரும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருடம் சிட்டா, அடங்கல் என்ற நிலக் காகிதங்களை எடுத்துக்கொண்டு கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனுக்கு நடந்தோம். அங்கே வட்டி அடகுக்கடையைவிட எவ்வளவு குறைவு என்பதே எங்களுக்கு அப்புறம்தான் முழுதாகப் புரிந்தது. பற்றாக்குறைக்குத் தீபாவளி ஜாக்கெட் தைத்த காசு. அடகுக்கடைக்குப் போயிருக்க வேண்டிய அந்த 5,600தான் என் பிபிஎஃப் கணக்கின் முதல் பணம்.

மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லும் 'மாதம் இவ்வளவு' என்ற யோசனை டெல்டாவில் செல்லாது. எங்களுக்கு வருமானம் வருடத்தில் ஒரு தடவை, தண்ணீர் ஒழுங்காக வந்தால் இரண்டு தடவை. பிபிஎஃப்பில் வருடத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டினால் போதும், அதிகபட்சம் இப்போது ஒன்றரை லட்சம். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். எனக்கு அதில் பிடித்ததே இதுதான். 2018 நவம்பரில் கஜா புயலில் பேராவூரணிப் பக்கம் அண்ணனின் தென்னந்தோப்பு சாய்ந்துபோனது. கையில் இருந்ததை அங்கே கொடுத்துவிட்டு அந்த வருடம் வெறும் 500 கட்டினேன். விளைந்த வருடம் 30,000 வரைகூடக் கட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை சறுக்கினேன். 2012இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போச்சு, சம்பாவும் தேறவில்லை. அந்த 500ஐயும் கட்டாமல் விட்டேன், கணக்கு முடங்கியது. அடுத்த வருடம் விட்டுப்போன 500உடன் 50 ரூபாய் அபராதமும் கட்டி உயிர்ப்பித்தேன். அபராதம் பெரிதில்லை. ஆனால் முடங்கிக் கிடக்கும்போது அவசரத்துக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. 2017இல் போர் மோட்டார் எரிந்தபோது 15,000 எடுத்துத்தான் புதிது வாங்கினோம். எட்டு வருடம் ஓடியிருந்த கணக்கு என்பதால் எடுக்க முடிந்தது. முதல் சில வருடங்களில் கேட்டால் தரமாட்டார்கள்.

வட்டி நான் தொடங்கும்போது 8 சதவீதம். 2012இல் 8.8 வரை ஏறியது. 2020 ஏப்ரலிலிருந்து 7.1. மாமியார் கேட்பார், "ஏம்மா, மாசம் நூத்துக்கு எத்தனை காசு?" 59 காசு என்பேன். "அடகுக்கடைக்காரன் ரெண்டு ரூபாய்ல வாங்குறான், நீ அறுபது காசுக்கு அலையிறியா?" என்பார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் முழுக் கணக்கும் அதில் இருக்கிறது. இரண்டு வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு 59 காசுக்குச் சேமிப்பது ஓட்டைக் குதிரில் நெல் கொட்டுகிற வேலை. முதலில் கடனை அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, 5ஆம் தேதி. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு. கொள்முதல் நிலையப் பணம் எங்களுக்குப் பெரும்பாலும் பிப்ரவரி நடுவில்தான் வரும், அதனால் பல வருடம் ஒரு மாத வட்டியை விட்டிருக்கிறேன். பாஸ்புக்கில் வரவு வைக்கப் போனால் 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பஸ் மாறிப் போகிறவளுக்கு அது ஒரு நாள் தையல் கூலி.

மொத்தம் கட்டியது 2,46,600. நடுவில் 15,000 எடுத்தது போக, முதிர்ந்தபோது சுமார் 3,56,000 இருந்தது. அந்தப் பணத்துக்குப் பவுன் வாங்கியிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும். அதை மறைக்க ஒன்றுமில்லை. 2024 மார்ச் கடைசியில் பவுன் 50,000ஐத் தாண்டியது. ஆனால் வாங்கியிருந்தால் அதுவும் ஆடிக்கு ஆடி அடகுக்குத்தான் போயிருக்கும், எங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? இவர் போட்ட ஏலச்சீட்டு இருபது மாதம். பதினாலாம் மாதம் நடத்தியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், அந்தப் பணம் இன்னும் வரவில்லை. பிபிஎஃப் பணத்தைக் கடனுக்காகக் கோர்ட்டுகூட ஜப்தி செய்ய முடியாது.

முதிர்ந்த கணக்கை ஐந்து வருடத்துக்கு நீட்டித்திருக்கிறேன். தொடர்ந்து பணம் கட்டவேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் அதற்கான படிவம் கொடுக்க வேண்டும், கவுண்டரில் யாரும் நினைவூட்டமாட்டார்கள். சங்கிலி இப்போது கழுத்திலேயே கிடக்கிறது. கொக்கி தேய்ந்து கழன்று கழன்று விழுகிறது, கும்பகோணம் போகும்போது மாற்றணும்.