கடற்கரை டென்ட்டில் தேனிலவு: எந்த வாரம், எந்த இடம், எது கட்டுப்படியாகும்?

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். முதலாவதைப் பண்ணி முடித்ததிலேயே கை காலியாகிவிட்ட ஜோடி கட்டிப் பார்க்கக்கூடிய ஒரே வீடு டென்ட்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையும் தோதாக வந்து நிற்கிறது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திட்டம் போட உட்காரும்போது எல்லோரும் முதலில் கடற்கரையைத் தேடுகிறார்கள். பணத்தைக் கரைப்பதென்னவோ தேதிதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை பல கேம்ப் தளங்களில் உச்ச சீசன் கட்டணம். இத்தனை இரவாவது தங்கியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் சேர்ந்துகொள்ளும். இரண்டு இரவுக்குத் திட்டமிட்டவர்கள் ஐந்து இரவுக்குப் பணம் கட்ட நேரும். சரி, ஒரு வாரம் தள்ளிப் போகலாமே என்றால், பதில் பூமியின் எந்தப் பாதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தென் அரைக்கோளத்தில் அது நடுக்கோடை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பள்ளி விடுமுறை ஜனவரியிலும் நீள்வதால் தள்ளிப்போட்டுப் பயனில்லை. முன்னால் இழுக்க வேண்டும், டிசம்பர் முதல் பாதிக்கு. வட அரைக்கோளத்தில் நேர்மாறு: ஜனவரி முதல் வாரத்தோடு பள்ளிகள் திறந்துவிடும், கூட்டமும் கட்டணமும் சேர்ந்தே இறங்கும். ஆனால் வடக்கே ஏறிப் போகப் போகக் குளிரும் இருட்டும் கூடும். வடக்கே 40 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21 வாக்கில் பகல் சுமார் 9 மணி 20 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் டென்ட்டுக்குள். புதுமணத் தம்பதிக்கு அது குறையா என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாவது இரவும் மழை பெய்தால் அப்போது கேளுங்கள்.

லீவு அந்த வாரத்தில்தான் கிடைக்கும் என்றால் 23, 24, 25 இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகையை வீட்டில் கொண்டாடிவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள் 26 முதல்தான் வந்து சேர்வார்கள்.

அடுத்தது இடம். ஆளில்லாத கரையில் இலவசமாகத் தங்குவதா, கழிப்பறையும் குழாயும் உள்ள தளத்துக்குப் பணம் கட்டுவதா? காகிதத்தில் முதலாவதுதான் ஜெயிக்கும். கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், இருவருக்கு மூன்று நாளில் 24 லிட்டர், அதாவது 24 கிலோ. மணலில் நடந்து சுமக்க வேண்டும். உப்பு காய்ந்த உடம்பைக் கழுவும் தண்ணீர் இதில் சேரவில்லை. பல கரைகளில் இரவு தங்கவே தடை உண்டு. மாட்டினால் அபராதம், பாதி ராத்திரியில் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும் கூத்து. ஆமை முட்டையிடும் கரைகளில் வெளிச்சத்துக்கும் கட்டுப்பாடு உண்டு, அது நியாயமானதும்கூட: விளக்கைக் கண்டால் குஞ்சுகள் கடல் இருக்கும் திசை தவறிவிடும். இதெல்லாம் போக, கல்யாணமான நாலாம் நாள் விடிகாலையில் சின்ன மண்வெட்டியோடு புதர்ப் பக்கம் போவது காதலுக்கு நல்லதா என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன். என் ஓட்டு கழிப்பறைக்கு. தனிமை வேண்டுமென்றால் அதே தளத்தில் குளியலறைக்கு மிகத் தொலைவில் இருக்கும் மூலையைக் கேளுங்கள், குழந்தைகளோடு வருபவர்கள் அதை எடுக்கமாட்டார்கள்.

காரிலேயே படுப்பது மழைக்கும் காற்றுக்கும் நல்லது, முதுகுக்கு இல்லை. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்காவிட்டால் இருவர் மூச்சும் கண்ணாடியில் படிந்து, விடிவதற்குள் சொட்டும்.

கட்டில் போட்டுத் தயாராக நிற்கும் சொகுசு டென்ட் இருக்கிறதே, பண்டிகை வாரத்தில் அதன் வாடகை ஓட்டல் அறையை எட்டிப்பிடித்துவிடும். பட்ஜெட் என்று பேசிக்கொண்டு அதை எடுப்பதில் அர்த்தமில்லை. ஒரே விதிவிலக்கு, விமானத்தில் போகிறவர்கள். சொந்த டென்ட்டைப் பெட்டியில் ஏற்றினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

சாமான்களை வாங்குவதைவிட இரவல் கேட்பதே மேல். கல்யாணப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கும் நண்பர்களிடம் கூச்சப்படாமல் டென்ட்டை இரவல் கேளுங்கள். இருவர் டென்ட் என்று எழுதியிருப்பது இரண்டு உடல்களுக்கு மட்டும். பைகளுக்கு இடம் வேண்டுமென்றால் மூவர் டென்ட். கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகள் உலர்ந்த மணலில் நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் நிற்கும். பிற்பகலில் கடற்காற்று பலமாக வீசும், ஆகவே டென்ட்டின் குறுகலான பக்கம் கடலைப் பார்க்கட்டும்.

அலை கொண்டுவந்து போட்ட பாசி வரிசைக்கு நன்றாக மேலே, ஆனால் மணல்மேட்டின் செடிகளை மிதிக்காமல் இடம் பிடியுங்கள். தேனிலவு என்று பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க: பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் (கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது) வழக்கத்தைவிட உயரமாக ஏறும். நேற்றைய பாசி வரிசையை நம்பாமல் அந்த நாளுக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் பல கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி. மாலையில் வந்த அலை விடியலில் மறுபடி வரும், நீங்கள் அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்து.

படுக்கைப் பை வாங்குவதானால் ஜிப் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஒரே மாடலில் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே பையாக்கிவிடலாம். ஒரே பக்க ஜிப்பில் இரண்டு வாங்கிவந்த எங்களுக்கு அது முதல் இரவில்தான் தெரிந்தது.