கூடலூருக்கு ஆள் அனுப்புவதா, காசு அனுப்புவதா?

1964 இலங்கை-இந்திய (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்தின் பிறகு இந்தியா போன நம் மலையகச் சனம் நிறையப் பேர் நீலகிரியில், கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். அங்கே ஒரு சபையின் கட்டடத்தைத் திருப்பிக் கட்ட, ஹட்டனிலிருந்து பொடியன்களை மிஷன் பயணம் அனுப்புவதா, காசை மட்டும் அனுப்புவதா?

காசு லேசு என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க அந்தச் சபைக்கு எஃப்சிஆர்ஏ (இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், பணமும் முதலில் டில்லி ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். பதிவு இருந்தால் சரி, டிக்கெட் காசில் அங்குள்ள மேசனுக்கு வேலை கிடைக்கும், சாந்து குழைக்கத் தெரியாத நம் பொடியன்கள் கட்டுவதைவிடச் சுவர் நேராகவும் நிற்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பழைய தோட்டத்துக் கதை கேட்பதைக் காசால் செய்ய முடியாதே! போவதென்றால் விசா வகையை முதலில் விசாரியுங்கள், சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் வைக்கக் கூடாது. அப்புறம் ஜூன், ஜூலை வேண்டாம், மழையில் கூரைத் தகரத்தில் கால் வைக்க முடியாது.