நகலா, மாறாப் பொருளா? ஜாவாவில் அலியாசிங்கோடு மல்லுக்கட்டியது

போன வருடம் நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு பில்லிங் மென்பொருளில் இரண்டு வாரமாக ஸ்டாக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. குக்கர் வாங்கினால் கரண்டி இலவசம் என்று கடையில் ஒரு சலுகை. பில் சரியாக வருகிறது, பணமும் சரி. கரண்டி மட்டும் ஸ்டாக்கில் குறையவே மாட்டேன் என்கிறது. தோண்டிப் பார்த்தால், விலை பூஜ்யமாக உள்ள வரிகள் தாளில் வரக்கூடாதென்று பில் அச்சிடும் நிரல் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. எழுதிய தம்பி சத்தியம் செய்யாத குறை. "ஆர்டரை நான் தொடவே இல்லண்ணே, பிரிண்ட்டுக்கு வந்த லிஸ்ட்டைத்தான் வடிகட்டினேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கையில் இருந்த லிஸ்ட்டும் ஆர்டருக்குள் இருந்த லிஸ்ட்டும் ஒரே லிஸ்ட். ஒரே பொருளுக்கு இப்படி இரண்டு பெயர் இருப்பதைத்தான் அலியாசிங் என்பார்கள். ஆர்டர் வகுப்பில் மதிப்பை எடுத்துத் தரும் மெத்தடான கெட்டர், உள்ளே இருந்த ஆரேலிஸ்ட்டை (ஜாவாவின் மாற்றக்கூடிய பட்டியல்) அப்படியே தூக்கி வெளியே கொடுத்திருந்தது. பிரைவேட் என்று போட்டால் பூட்டப்படுவது அந்தப் பெயர் மட்டுமே. பொருளுக்கு இன்னொரு பெயர் வெளியே போய்விட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. ஜாவாவை உருவாக்கியவர்களே 1997-ல் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு யார் யார் கையொப்பமிட்டார்கள் என்று சொல்லும் கெட்சைனர்ஸ் மெத்தட், ஜாவாவின் அன்றைய தொகுப்பான ஜேடிகே 1.1.1-ல் உள்ளே இருந்த அரேயையே திருப்பித் தந்தது. வெளியிலிருந்து வந்த ஆப்லெட் (உலாவியில் ஓடிய சின்ன ஜாவா நிரல்) அந்த அரேயில் நம்பிக்கையான ஒருவரின் கையொப்பத்தைச் செருகிவிட்டு நல்லவன் வேஷம் போட முடிந்தது.

சரி, என்ன செய்யலாம்? "இந்த லிஸ்ட்டை மாற்றாதீர்கள்" என்று கமென்ட் எழுதி வைப்பது முதல் வழி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, யாரும் படிப்பதில்லை. கலெக்‌ஷன்ஸ் வகுப்பின் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் கொஞ்சம் தேவலை. ஆனால் அது கண்ணாடி ஜன்னல் மாதிரி. பார்க்கிறவர் கை வைக்க முடியாது, உள்ளே இருப்பவர் மாற்றினால் பார்க்கிறவருக்கும் மாறும்.

நான் முதலில் எடுத்தது தற்காப்பு நகல். கெட்டர் ஒவ்வொரு முறையும் புது ஆரேலிஸ்ட் செய்து கொடுக்கும். பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரும் வருவதை நகலெடுத்தே வாங்கிக்கொள்ளும். அரை மணி நேர வேலை, கரண்டிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. செலவு? சின்ன லிஸ்ட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லூப்புக்குள் கெட்டரைக் கூப்பிட்டால் சுற்றுக்கு ஒரு நகல். ஜாவாவின் ஜன்னல், பட்டன் நூலகமான ஏடபிள்யூடியில் கெட்சைஸ் ஒவ்வொரு அழைப்புக்கும், அகலமும் உயரமும் சேர்ந்த புது டைமென்ஷன் பொருள் தருகிறது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஜாவா 1.2-ல் கெட்வித், கெட்ஹைட் என்று தனித்தனியாகச் சேர்த்தார்கள். இன்னொன்று: உள்ளீட்டைச் சரிபார்த்துவிட்டு நகலெடுத்தால், இரண்டுக்கும் நடுவில் இணையாக ஓடும் வேறொரு த்ரெட் மதிப்பை மாற்றிவிட இடமுண்டு. முதலில் நகல், பிறகு அந்த நகலைச் சரிபார்ப்பு. இதை நான் தலைகீழாக எழுதி, ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்த அலசலே இல்லை. நாலு மாதம் கழித்து ஆர்டரில் கூப்பன் பட்டியல் என்று ஒரு புதிய ஃபீல்டு வந்தது. சேர்த்தவர் வேறு ஆள். கெட்டரை, நிரல் எழுதும் கருவியான ஐடிஇ எழுதிக் கொடுத்தது, நகல் இல்லாமல். ஆர்டரைப் பிரதியெடுக்கும் மெத்தடில் கூப்பனைச் சேர்க்கவும் மறந்துவிட்டார். நிரலை ஓட்டும் முன்பே பிழை பார்க்கும் கம்பைலர் வாய் திறக்கவில்லை. டெஸ்ட்டும் பச்சை. திருப்பி வாங்கும் பில்லில் கூப்பன் காணாமல் போனபோதுதான் தெரிந்தது.

நகல், அல்லது உருவாக்கிய பிறகு மாற்றவே முடியாத பொருள், இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்: புதிய ஃபீல்டு சேர்க்கும் நாளில், மறதியை யார் பிடிப்பார்கள்? நகல் முறையில் கன்ஸ்ட்ரக்டர், கெட்டர், பிரதியெடுக்கும் மெத்தட் என்று மூன்று இடத்தில் மனிதர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மாற்றக்கூடிய ஃபீல்டு என்பதால் ஒன்றை விட்டாலும் நிரல் கம்பைல் ஆகும். ஃபைனல் (ஒருமுறைதான் மதிப்பு வைக்கலாம்) போட்டிருந்தால் விடுபட்டதைக் கம்பைலர் சொல்லியிருக்கும். ஆனால் ஃபைனலும் பெயரைத்தான் கட்டும், அது சுட்டும் லிஸ்ட்டைக் கட்டாது.

ஆர்டரை ரெக்கார்டாக மாற்றினோம். ரெக்கார்டு என்பது உருவாக்கிய பிறகு ஃபீல்டுகளை மாற்ற முடியாத வகுப்பு. ஜாவா 16-ல், 2021-ல், நிலையான வசதியானது. ரெக்கார்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழைய கன்ஸ்ட்ரக்டர் அழைப்புகள் அத்தனையும் சிவப்பாகும். எரிச்சல்தான், எங்களுக்கு ஒரு முறை முப்பது இடத்துக்கு மேல் திருத்த வேண்டி வந்தது. ஆனால் அந்த எரிச்சலைத்தான் நான் காசு கொடுத்து வாங்குகிறேன். கூப்பனை மறந்திருந்தால் அன்றைக்கு பில்டே ஆகியிருக்காது.

ரெக்கார்டு மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே ஆரேலிஸ்ட்டை வைத்தால் பழைய கதைதான். கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட் டாட் காப்பிஆஃப் ஒருமுறை எழுத வேண்டும், ஜாவா 10-லிருந்து இருக்கிறது. இந்த வரியை மறந்தாலும் கம்பைலர் பேசாது, ஒத்துக்கொள்கிறேன். மூன்று இடம் ஒரே இடமாகச் சுருங்குகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே மாறாத லிஸ்ட்டாக இருந்தால் பொதுவாக அது மறுபடி நகலெடுப்பதில்லை. உள்ளே இருப்பது மாறாத லிஸ்ட் என்பதால் கெட்டர் அதையே கொடுக்கலாம், அங்கே செலவே இல்லை. உள்ளே நல் (பொருளே இல்லை என்ற குறி) இருந்தால் மட்டும் முகத்தில் அறையும். பழைய தரவை ஏற்றிய அன்று எங்களுக்கு அது நடந்தது. லிஸ்ட்டின் உறுப்புகளும் மாறாதவையாக இருந்தால்தான் முழுப் பாதுகாப்பு. தேதிக்கு, மாற்றக்கூடிய பழைய டேட் வகுப்பை விட்டுவிட்டு, ஜாவா 8-ல் வந்த லோக்கல்டேட்டுக்குப் போக இது ஒன்றே காரணம் போதும்.

எல்லா இடத்திலும் நகல் தோற்றுப்போகவில்லை. டேட்டாபேஸ் வரியைப் பொருளாக்கும் ஜேபிஏ என்டிட்டி வகுப்பு ரெக்கார்டாக இருக்க முடியாது, வெற்று கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், ஃபைனலாகவும் இருக்கக் கூடாது. அங்கே இன்றும் நகல்தான். அரேயை மாறாததாக்க ஜாவாவில் வழியே இல்லை, அங்கேயும் நகல்தான்.

"ரஸ்ட் மொழிக்குப் போனால் இந்தத் தொல்லையே இல்லையே" என்பார்கள். எழுதுபவர் ஒருவர், அல்லது படிப்பவர் பலர், இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது என்பது அழகான விதி, அதையும் கம்பைல் செய்யும்போதே பிடிக்கிறது. ஆனால் நான் ரஸ்டில் எழுதியது இரண்டு சின்னக் கருவிகள்தான். அதில் மர வடிவத் தரவு ஒன்றில் கிளையிலிருந்து தாய்க் கிளையைச் சுட்டிக்காட்ட வேண்டி வந்து, ஆர்சி, ரெஃப்செல் என்ற பகிர்வு வகைகளுக்குப் போய், சோதனை ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போனது. பெரிய குழுவில் எப்படி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சி பிளஸ் பிளஸ்ஸில் யூனிக் பாயின்ட்டர், யார் அழிப்பது என்ற கேள்வியைத் தீர்க்கிறது. வேறு யார் கையில் சுட்டி இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கான்ஸ்ட் ரெஃபரன்ஸும் "என் வழியாக மாறாது" என்றுதான் வாக்குக் கொடுக்கிறது.

மாற்றி முடித்த அன்று, தம்பி எழுதிய பழைய நீக்கும் வரியை வேண்டுமென்றே அப்படியே விட்டு ஓட்டிப் பார்த்தோம். முதல் பில்லிலேயே அன்சப்போர்ட்டட் ஆப்பரேஷன் எக்செப்ஷன் (இந்தச் செயலுக்கு இடமில்லை என்ற பிழை), வரி எண்ணோடு. அவர் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரீம் போட்டு வடிகட்டித் தன் லிஸ்ட்டைத் தானே செய்துகொண்டார்.